வாள்வெட்டு வழக்கில் பிடிபட்ட பொடியனுக்கு எது சரிவரும்: கோபக் கட்டுப்பாடா, சிந்தனைப் பயிற்சியா?

வன்னியில் ஒரு வாள்வெட்டு நடந்தால் உடனே இரண்டு விளக்கம் வரும். ஒன்று, "போருக்குள்ள வளர்ந்த பிள்ளையள், அப்பிடித்தான் இருப்பாங்கள்." மற்றது, "கூடாத சேர்க்கை." குற்ற உளவியலிலும் இவை இரண்டும் பழைய எதிராளிகள்தான். நான் இரண்டாவதன் பக்கம். சேர்க்கையிலும் சிந்தனையிலும் கைவைக்கலாம்; கடந்துபோன சிறுவயதில் கைவைக்க முடியாது.

முதல் விளக்கத்துக்கு எல்லாரும் எடுத்துக்காட்டுவது பிரித்தானிய மனநல மருத்துவர் ஜோன் பௌல்பியை. 1944இல் வெளியிட்ட ஆய்வில், லண்டனில் களவு செய்த 44 சிறுவர்களை, களவு செய்யாத 44 பேருடன் ஒப்பிட்டார். களவு செய்தவர்களில் 17 பேர் சிறுவயதில் நீண்ட காலம் தாயைப் பிரிந்திருந்தவர்கள். மற்றப் பக்கத்தில் 2 பேர்தான். வித்தியாசம் பெரிது. ஆனால் எல்லாம் பிறகு விசாரித்து எடுத்த விபரம், மதிப்பிட்டவரும் அவரே. மிச்ச 27 பேர் ஏன் களவெடுத்தார்கள் என்பதற்கும் இதில் பதில் இல்லை. 2009இல் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். இழப்பு எல்லா வீட்டிலும் இருந்தது; வாள் தூக்கியவர்கள் சிலர்தான். துக்கத்துக்கும் பயத்துக்கும் உளவளத்துணை கட்டாயம் தேவை. அதைக் கொடுத்துவிட்டுக் குற்றத்துக்கும் மருந்து கொடுத்தாயிற்று என்று அறிக்கை எழுதுவதுதான் பிழை.

அமெரிக்கக் குற்றவியலாளர் சதர்லன்ட் 1939இல் சொன்னது வேறு: குற்றம் நெருங்கிய கூட்டத்துக்குள் பழகி வருவது. செய்யும் வித்தையோடு, செய்ததற்கான நியாயமும் அங்கேதான் கிடைக்கிறது. அந்த நியாயங்களை 1957இல் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் சைக்ஸும் மட்சாவும் ஐந்தாக வகுத்தார்கள். இங்கே விளக்கமறியலில் இருப்பவர்களின் வாயில் அவை இப்படி வரும்: "நான் சும்மா கூடப் போனனான்." "சின்னக் காயம்தானே." "அவனுக்கு அது வேணும்." "பொலிஸ் மட்டும் திறமோ?" "சிநேகிதனுக்கு அடிச்சா பாத்துக்கொண்டு நிக்கேலுமோ?" வாள்வெட்டு வழக்குகளில் உடைக்கக் கடினமானது கடைசி வசனம்.

சரி, என்ன செய்வது? மத்தியஸ்த சபை (1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம்) எல்லை வேலிக்கும் வயலில் இறங்கிய கட்டாக்காலி மாட்டுக்கும் நல்லது. கும்பல் வெட்டுக்கு வேண்டாம். வெட்டுப்பட்டவனின் வீட்டார் பயத்தில் தலையாட்டிவிட்டுப் போவார்கள். நல்ல நடத்தைக்குப் புள்ளி கொடுக்கும் முறை விடுதிக்குள் வேலை செய்யும். வாசலைத் தாண்டினால் புள்ளி கொடுக்க ஆளில்லை.

சிந்தனைப் பயிற்சிக்கு உண்மையான போட்டி கோபக் கட்டுப்பாட்டுப் பயிற்சிதான். 1975இல் அமெரிக்க உளவியலாளர் நொவாக்கோ வகுத்த முறையில் படி மூன்று: கோபம் எதனால் மூளுகிறது என்று அறிதல், அடக்கும் உத்திகளைப் பழகுதல், நடித்துப் பார்த்தல். எட்டு, பத்து அமர்வில் முடிந்துவிடும் என்பதால் திட்டம் எழுதுபவர்களுக்குப் பிடிக்கும். மது வெறியில் வீட்டில் கைநீட்டுபவனுக்கு இது உதவும். வாளைச் சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் காத்திருந்தவனுக்கு அந்த நேரம் கோபமே இருந்திருக்காது. அவனுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்து என்ன பலன்?

சிந்தனைப் பயிற்சி என்பது, நடந்ததையும் அதைப் பற்றித் தான் நினைத்ததையும் பிரித்துப் பார்க்கப் பழக்குவது. அதில் பலகையை நாலு நிரலாகப் பிரிக்க வேண்டும்: நடந்தது, நினைத்தது, உடம்பில் தெரிந்தது, செய்தது. "சந்தியில என்னை முறைச்சான்" என்று ஒருவன் சொன்னால் அதை முதல் நிரலில் எழுதக் கூடாது. "பார்த்தான்" மட்டுமே முதலாவதில், "முறைச்சான்" இரண்டாவதில். அவன் பார்த்ததற்கு வேறு மூன்று காரணம் சொல்லச் சொல்லுங்கள். முதல் அமர்வுகளில் ஒன்றுகூட வராது. பிறகு "வெயில் கண்ணுக்குள்ள அடிச்சிருக்கும்" என்று ஒருவன் தொடங்குவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். வேலை அங்கேதான் ஆரம்பம். குழுவில் எட்டுப் பேர், அமர்வு இரண்டு மணித்தியாலம். தலைவனையும் அவனுடைய ஆட்களையும் ஒரே குழுவில் போட்டால் அவன் முகத்தைப் பார்த்துத்தான் பதில் வரும். முதல்முறை அகப்பட்ட பொடியனை இவர்களோடு இருத்தினால் புதுக் கூட்டாளிகளைத் தேடிக் கொடுத்ததாக முடியும். நடத்துபவர் புத்திமதி சொல்லத் தொடங்கினால், நல்ல விடைகளைப் பாடமாக்கி ஒப்புவித்துவிட்டுப் போவார்கள்.

இவ்வளவும் சரியாக நடந்தாலும் தீர்மானிப்பது மணித்தியாலக் கணக்குத்தான். 2005இல் வந்த ஒரு கனடாச் சிறை ஆய்வின்படி, மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பு நடுத்தரமாக உள்ளவருக்கு 100 மணித்தியாலம் போதும்; கூடியவருக்கு 200, பிரச்சினைகள் பலவாக இருந்தால் 300. கிழமைக்கு ஒரு அமர்வு என்றால் 100 மணித்தியாலத்துக்கே 50 கிழமை. அதற்குள் காலபோக விதைப்பும் அறுவடையும் வந்துவிடும்; கூலிக்குப் போகிறவன் வரமாட்டான். துணுக்காயில் இருந்து முல்லைத்தீவு நகருக்கு வந்துபோனால் ஒரு நாட்கூலியும் போய்விடும். பாதியில் விட்டவர்கள், தொடங்காதவர்களைவிடக் கூடுதலாக மறுபடி வழக்கில் அகப்பட்டதைப் பிரித்தானிய ஆய்வுகள் காட்டியுள்ளன. பாதியில் விடுபவர்கள் முதலே அப்படிப்பட்டவர்களா என்ற வாதம் உண்டு. எப்படியானாலும் முடிக்க வைக்க வழியில்லாமல் தொடங்கக் கூடாது.

ஆகவே அறுவடை முடிந்து பங்குனி நடுப்பகுதியில் தொடங்கி, கிழமைக்கு இரண்டு அமர்வு: 25 கிழமை, விதைப்புக்கு முன்னமே முடிந்துவிடும். முத்தையன்கட்டு, வவுனிக்குளத்தின் கீழ் சிறுபோகம் செய்பவர்களுக்கு ஆவணியில் நேரத்தைப் பின்னேரத்துக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். இடம் அவரவர் பிரதேச செயலகப் பிரிவுக்குள் இருக்கட்டும். 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதவான் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை (சிறைக்குப் பதிலாக வெளியில் வைத்துத் திருத்தும் கட்டளை) போட்டிருந்தால் வரவை அதனோடு சேர்த்துக் கட்டிவிடலாம். 200 மணித்தியாலம் தேவைப்படுபவனை வெளியில் வைத்துச் செய்வது கடினம். சிறைக்குள்ளேயே, இடமாற்றம் இல்லையென்று உறுதி வாங்கிக்கொண்டு தொடங்குவது நல்லது.

ஐஸ் போதைப்பொருள் பாவிப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். நித்திரையில்லாமல் சந்தேகத்தில் திரிகிறவனை முதலில் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். கசிப்பு விற்று அகப்பட்ட பெண்களுக்கும் வேறு கணக்கு. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆண்களை வைத்துச் செய்தவை, அந்தப் பெண்களில் பலருக்கு முதல் பிரச்சினை நுண்கடன்.

முடித்தவர்களை ஒன்று, மூன்று, ஆறாம் மாதங்களில் ஒவ்வொரு தரம் கூப்பிட வேண்டும். பொடியன்கள் சிம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், அதனால் தாயின் அல்லது சகோதரியின் தொலைபேசி இலக்கத்தை முதல் நாளே வாங்கி வையுங்கள்.