எட்டு வருடமாக மாணவர் பதிவேட்டு மென்பொருளோடு: தேர்வுப் பிரிவிலிருந்து ஓர் அனுபவம்

பக்கத்து மாவட்டத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவர் பதிவேடுகளுக்குப் புது மென்பொருள் வாங்கப் போகிறார்களாம். அங்கே தேர்வுப் பிரிவில் இருக்கும் தோழி போன வாரம் போன் போட்டாள். "நீங்கதான் எட்டு வருஷமா ஓட்டுறீங்களே, எப்படிக்கா இருக்கு?" என்றாள். பஸ்ஸுக்கு நின்றுகொண்டே பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மென்பொருளின் பெயரையும் எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை. நான் குறையாகச் சொல்லப் போவதில் பாதி அந்தக் கம்பெனியின் குறை, பாதி எங்கள் குறை. எது எவருடையது என்று பிரிப்பதற்குள் ஓய்வே பெற்றுவிடுவேன். மதிப்பெண் போடச் சொன்னால் 100-க்கு 64 போடுவேன். எங்கள் பாஷையில் பர்ஸ்ட் கிளாஸ், ஆனால் டிஸ்டிங்ஷன் இல்லை.

2017 ஜூனில் இது வருவதற்கு முன்னால் எல்லாம் டி.ஆர்.தான். டேபுலேஷன் ரிஜிஸ்டர். நீளத் தாளில் மதிப்பெண்ணை எழுதி, இரண்டு பேர் சரிபார்த்துச் சுருக்கொப்பம் போட்டு, சிவப்புக் காலிகோ துணியில் பைண்டு செய்து இரும்பு பீரோவில் அடுக்கி வைத்திருப்பார்கள். பீரோவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி கண்காணிப்பாளரிடம், இன்னொன்று உதவிப் பதிவாளரிடம். இரண்டு பேரும் ஒரே நாளில் ஆபீஸில் இருந்தால்தான் திறக்கும். ஒரு மாணவரின் மதிப்பெண்ணைப் பார்க்க ஏணி போட்டு ஏறி, தூசி தட்டி, பத்து கிலோ புத்தகத்தை இறக்க வேண்டும். வெறும் ஆர்வத்துக்காக யாரும் அந்தப் பாடு பட மாட்டார்கள். ரகசியம் காத்ததில் பூட்டை விட அந்த ஏணிக்குத்தான் பங்கு அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

மென்பொருள் வந்ததும் ஏணி போய்விட்டது. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அரசு வேலையில் சேர்ந்தவரின் பட்டச் சான்றிதழுக்கு உண்மைத்தன்மை கேட்டு, அதாவது அது நாங்கள் கொடுத்ததுதானா என்று கேட்டு, அவருடைய துறையிலிருந்து கடிதம் வரும். முன்பெல்லாம் ஒரு கடிதத்துக்கு இரண்டு நாள் ஆகும். இப்போது பதிவெண்ணைத் தட்டினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்து கையெழுத்துக்குப் போய்விடும். உண்மைத்தன்மை வராமல் தகுதிகாண் பருவம் முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு இது பெரிய விஷயம். இது ஒன்றுக்கே 40 மதிப்பெண் கொடுத்துவிட்டேன்.

அடுத்தது, வாங்கும்போது யாருமே கவனிக்காத ஒரு வசதி. யார், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்த மாணவரின் பதிவைத் திறந்தார்கள் என்று அது எழுதி வைத்துக்கொள்ளும். திறக்கும்போது காரணம் கேட்டு ஒரு சின்னக் கட்டம் வரும். முதல் இரண்டு வருடம் அந்தக் கட்டத்தில் எல்லோரும் ஒரு புள்ளி வைத்துவிட்டு உள்ளே போனோம். 2019-ல் வந்த தேர்வாணையர், அதாவது எங்கள் தேர்வுப் பிரிவின் தலைவர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியலை அச்செடுத்துப் பிரிவுக் கண்காணிப்பாளர் கையெழுத்தோடு தன் மேசைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

பிரிவுக் கண்காணிப்பாளர் நான்தான். இரண்டாவது முறை வந்த பட்டியலில் என் பெயரே இருந்தது. ராத்திரி 9.47. ரிசல்ட் வெளியிடுவதற்கு முந்தைய நாள், எல்லோரும் தாமதமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். தங்கை போன் செய்து, "உனக்குத் தெரியாமலா இருக்கும், சும்மா ஒரு பார்வை பாத்துச் சொல்லுக்கா" என்றாள். அவள் மகளின் மூன்றாவது செமஸ்டர் கணக்கு பேப்பர். பார்த்தேன், பாஸாகியிருந்தாள், சொல்லிவிட்டேன். காரணக் கட்டத்தில் 'சரிபார்ப்பு' என்று அடித்திருந்தேன். பட்டியலில் அந்த வரிக்குப் பக்கத்தில் நானே கையெழுத்துப் போட வேண்டும். விளக்கக் கடிதம் எழுதிச் சேர்த்துக் கொடுத்தேன். தேர்வாணையர் படித்துவிட்டு நிமிர்ந்து, "என்னம்மா, சரிபார்த்தாச்சா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு அடுத்த செமஸ்டர் தங்கைக்குச் சொல்ல மறுத்தேன். இரண்டு மாதம் அவள் என்னோடு பேசவில்லை.

எனவே தோழிக்கு முதல் அறிவுரை: அந்தப் பட்டியல் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதே, அதை யார் எப்போது படிப்பார்கள் என்று எழுத்தில் வாங்கு. படிக்க ஆளில்லாவிட்டால் அது ஹார்ட் டிஸ்கில் இடத்தை அடைப்பதோடு சரி.

இனி குறைகள். முதல் குற்றவாளி, திரையின் வலது மூலையில் பச்சை நிறத்தில் இருக்கும் 'எக்செல்' பொத்தான். உள்ளே ஆயிரம் கட்டுப்பாடு: ஓ.டி.பி., பத்து நிமிடம் சும்மா இருந்தால் வெளியேற்றிவிடும், ஒவ்வொரு பதவிக்கும் ஒவ்வொரு அனுமதி. ஆனால் அந்தப் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டால் எல்லாமே ஒரு கோப்பாக வெளியே வந்து பென் டிரைவில் ஏறிவிடும். அப்புறம் அது எங்கே போகிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய். தகுதியான மாணவிகளின் பட்டியல் உடனே வேண்டும் என்று எல்லாப் பக்கமிருந்தும் போன். அப்போதைய விதிப்படி 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும், சாதியும் வேண்டாம், வருமானமும் வேண்டாம். ஆனால் பொத்தானை அழுத்தினால் இருக்கிற எல்லாப் பத்தியும் சேர்ந்துதான் வரும். ஆதார், வங்கிக் கணக்கு, சாதி, பெற்றோர் வருமானம், வீட்டு முகவரி எல்லாம். ஒரு துறை அலுவலகத்தில் யாரோ அவசரத்தில், "உங்க பேர் இருக்கான்னு பாத்துக்கோங்க" என்று அந்தக் கோப்பை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அந்தக் குழுவில் வகுப்புப் பிரதிநிதிகளும் இருந்தார்கள்.

மறுநாள் ஒரு மாணவி வந்தாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. "மேடம், எங்க அப்பா வருமானம் வருஷத்துக்கு 72 ஆயிரம்னு கிளாஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. எங்க ஆளுங்க யாருன்னும் தெரிஞ்சுபோச்சு" என்றாள். எனக்குப் பதில் இல்லை. குழுவில் நீக்கச் சொன்னோம், நீக்கினார்கள். எத்தனை போனில் ஏற்கனவே இறங்கியிருந்ததோ! தேவையான பத்திகளை மட்டும் தேர்ந்தெடுத்து இறக்கும் வசதி வேண்டும் என்று கம்பெனிக்கு எழுதினோம். அது 2024-ல்தான் வந்தது. ஹேக்கர்கள், வைரஸ் என்று கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் பயிற்சி வகுப்பில் பயமுறுத்துவார்கள். எட்டு வருடத்தில் எங்களிடமிருந்து ரகசியம் வெளியே போனதெல்லாம் உதவி செய்ய நினைத்த கைகள் வழியாகத்தான்.

இரண்டாவது குறை, மாணவர் ரிசல்ட் பார்க்கும் பக்கம். பதிவெண்ணும் பிறந்த தேதியும் போட்டால் திறக்கும். பதிவெண்கள் வரிசையாக இருக்கும், பக்கத்து பெஞ்சுக்காரரின் எண் உங்கள் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் கிடைத்துவிடும். பிறந்த தேதி? வகுப்பே சேர்ந்து கேக் வெட்டுகிறது. யார் எத்தனை அரியர் என்பது விடுதிக்கே தெரிந்திருந்தது. 2021-ல் ஓ.டி.பி.க்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து எங்கள் கவுண்டரில் வேறு வரிசை: "மேடம், சிம் மாத்திட்டேன்." முதல் வருடம் சேரும்போது அப்பாவின் எண்ணையோ அண்ணனின் எண்ணையோ கொடுத்திருப்பார்கள், ஓ.டி.பி. அங்கே போகும். எண்ணை மாற்ற நேரில் வர வேண்டும், அடையாள அட்டை காட்ட வேண்டும். மலைக்கிராமத்திலிருந்து இதற்காக மூன்று பஸ் மாறி வந்தவர்கள் உண்டு. ஆனாலும் பழைய முறைக்குத் திரும்ப மாட்டேன்.

மூன்றாவது, பெயர்க் கட்டம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முதுகலை படித்த திருநங்கை மாணவி ஒருவர் தன் புதிய பெயருக்கான அரசிதழ் நகலையும், 2019 சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் கொடுத்த அடையாளச் சான்றையும் கொண்டுவந்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் மென்பொருளில் பெயருக்கு ஒரே ஒரு கட்டம். மாற்றினால், பழைய பெயரில் உள்ள இளங்கலைப் பதிவோடு தொடர்பு அறுந்துவிடும். கம்பெனியிடம் கேட்டோம். அவர்கள் செய்து கொடுத்தது என்ன தெரியுமா? பழைய பெயர், நடுவில் 'என்கிற', அப்புறம் புதிய பெயர். எஃப்.ஐ.ஆரில் போடுவது மாதிரி! ஹால் டிக்கெட்டிலும் வருகைப் பதிவிலும் அப்படியே அச்சாகி வந்தது. தேர்வு அறையில் எல்லோர் கையிலும் சுற்றி வரும் தாள் அது.

அந்த செமஸ்டர் முழுக்க அவருடைய ஹால் டிக்கெட்டை மட்டும் நாங்கள் தனியாகத் தட்டச்சு செய்து கொடுத்தோம். பழைய பெயர் தனி இடத்துக்குப் போய், இரண்டே இரண்டு லாகினுக்கு மட்டும் தெரியும்படி ஆக எட்டு மாதம் பிடித்தது. இப்போது நன்றாகவே வேலை செய்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் டெமோவின்போதே இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம், கம்பெனியின் தரம் தெரிந்துவிடும்.

மாற்றுத்திறனாளி மாணவர்கள் விஷயத்தில் மென்பொருள் ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காக இருந்தது. கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடம், அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் என்பது மட்டும்தான் அறைக் கண்காணிப்பாளருக்குப் போகும் தாளில் வரும். என்ன நோய், எத்தனை சதவீதம் என்பது வராது. மருத்துவச் சான்றைத் திறக்கத் தனி அனுமதி வேண்டும். யாரோ புத்திசாலி யோசித்துச் செய்திருக்கிறார்.

ஆதார் எண் 2023 வரை திரையில் 12 இலக்கமும் பளிச்சென்று தெரிந்தது. பட்டச் சான்றிதழ்களில் ஆதாரை அச்சிடக் கூடாது என்று அந்த வருடம் செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு (யூ.ஜி.சி.) சொன்ன பிறகு எங்கள் திரையிலும் கடைசி நான்கு இலக்கம் மட்டும் என்று மாற்றிவிட்டார்கள். கிட்டங்கியில் மூட்டை கட்டிக் கிடக்கும் பழைய விண்ணப்பங்களில் ஒட்டிய ஜெராக்ஸ்களை என்ன செய்வது என்று கேட்டு ஒரு கோப்பு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மென்பொருள் தீர்க்க முடியாத ஒன்று இருக்கிறது. கவுண்டரில் வந்து நிற்கும் அப்பாக்கள். ஒருவர் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார், கோயிலுக்கு வருவது போல. "எம் பொண்ணு எத்தனை அரியர் வச்சிருக்குன்னு மட்டும் சொல்லுங்கம்மா."

"வயசு என்ன சார்?"

"இருபது."

"அவங்களையே போன்ல பாத்துக் காட்டச் சொல்லுங்க சார். நாங்க சொல்லக் கூடாது."

"காட்ட மாட்டேங்கறாளே. பெத்தவன் நான், பீஸ் கட்டுறது நான். யாருக்கோ பயந்து மறைக்கிற மாதிரி மறைக்கிறீங்களே!"

மாணவி ஒப்புதல் கொடுத்திருந்தால் சொல்லலாம், திரையில் அதற்கு ஒரு டிக் இருக்கிறது. அவள் டிக் போடவில்லை. அதைக்கூட அவரிடம் சொல்ல முடியாது, சொன்னால் வீட்டில் அதுவே சண்டையாகும். "விதி இல்ல சார்" என்று மட்டும் சொன்னேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போவதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. போனில் வருபவர்களிடம் அந்தச் சங்கடம் இல்லை. "பொண்ணோட அப்பா பேசுறேன்" என்று டிகிரி முடித்தாளா என்று விசாரித்த ஒருவர், பேசப் பேச மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்று தெரிந்தது. அதிலிருந்து போனில் எதுவுமே சொல்வதில்லை.

2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வெளியாகியிருக்கின்றன. 18 வயது நிரம்பாதவரின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது சட்டம். எங்கள் முதலாண்டு மாணவர்களில் பலர் சேரும்போது 17 வயதுக்காரர்கள், அதாவது அதே அப்பாக்கள் முதல் வருடம் ஒரு விதம், அடுத்த வருடம் வேறு விதம். இந்த வித்தியாசத்தைப் பிறந்த தேதியை வைத்துத் தானாகப் பார்க்க மென்பொருளுக்கு இன்னும் தெரியாது.

தோழி கடைசியாக ஒன்று கேட்டாள். "எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறினதும் பழைய டி.ஆரை எல்லாம் கழிச்சுவிட்டுறலாமாக்கா?" கூடவே கூடாது. பழைய ரிஜிஸ்டர்களை ஏற்றும் வேலையை ஒப்பந்த ஆட்கள் செய்தார்கள், ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. இரண்டு வருடத்துக்கு முன், எப்போதோ படித்து முடித்த ஒருவருக்கு உண்மைத்தன்மை கேட்டு வந்தது. திரையில் ஒரு தாளில் 37, பெயில். மனிதர் ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லை. ஏணி போட்டு டி.ஆரை இறக்கினோம். நீல மையில் 67. ஆறின் வாலில் மை கொஞ்சம் பரவி, அவசரத்தில் பார்த்தால் மூன்று மாதிரி இருந்தது. பக்கத்தில் இரண்டு சுருக்கொப்பம், அதில் ஒருவர் எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர்.

பீரோவின் ஒரு சாவி இன்றும் என் மேசை டிராயரில் இருக்கிறது. உதவிப் பதிவாளர் வியாழக்கிழமை வருகிறார். அன்று திறந்து அந்துருண்டை மாற்ற வேண்டும்.