ஐஸ் டீயா, கோல்ட் காபியா?

மதியம் 3 மணி வெயிலில் சூடாக எதுவும் உள்ளே இறங்காது. எங்கள் வீட்டில் அப்போது இரண்டே வழி: எலுமிச்சை ஐஸ் டீ, இல்லையென்றால் ஃபில்டர் டிகாக்‌ஷனில் கோல்ட் காபி.

டீக்குப் பொறுமை வேண்டும். 2 டீஸ்பூன் தூளை அரை லிட்டர் கொதிநீரில் 4 நிமிடம் ஊறவிட்டு வடிகட்டினால் போதும். பால் டீ மாதிரி கொதிக்கவிட்டால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். சர்க்கரையைச் சூட்டிலேயே கரைத்துவிட வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்ததும் சில நேரம் கலங்கிப்போகும். கெட்டுப்போய்விட்டது என்று நானே ஒருமுறை கொட்டியிருக்கிறேன். டீயின் துவர்ப்புப் பொருளும் காஃபினும் குளிரில் ஒட்டிக்கொள்வதுதான் காரணம். கொஞ்சம் வெந்நீர் விட்டால் தெளிந்துவிடும். எலுமிச்சை பிழிந்ததும் அந்தக் கருஞ்சிவப்பு பொன்னிறமாக வெளுப்பதைப் பார்க்கவே ஒரு தம்ளர் போடலாம்.

காபி சுலபம். காலையில் மிஞ்சிய கெட்டி டிகாக்‌ஷன், காய்ச்சிக் குளிரவைத்த பால், சர்க்கரை. மூடி போட்ட பாட்டிலில் நுரை வரக் குலுக்கினால் ஆயிற்று. ஐஸ் கட்டி உருகினால் சப்பென்று ஆகிவிடும், அதனால் டிகாக்‌ஷனையே ஐஸ் ட்ரேயில் உறையவைத்துப் போடுகிறேன்.

தாகத்துக்கு டீதான். காபி வயிற்றை நிரப்பும், அவ்வளவே. ஆனாலும் ஃப்ரிட்ஜைத் திறந்தால் என் கை போவது என்னவோ காபி பாட்டிலுக்குத்தான்.