ரோமன் ஃபோரம்: 18 யூரோ சீட்டு எதற்குச் செல்லும், எங்கே சறுக்கும்

ரோம் நகரின் கொலோசியம், பழைய பொதுச் சதுக்கமான ஃபோரம், அதை ஒட்டிய பாலட்டைன் குன்று மூன்றுக்கும் சேர்த்து ஒரே சீட்டு. 2024 விலைப்படி 18 யூரோ, 24 மணி நேரம் செல்லும். கொடுக்கும் காசுக்குத் தகும், ஆனால் விதிகள் கறார். கொலோசியத்துக்குக் குறித்த நேரத்தில் போக வேண்டும். சீட்டில் பெயர் அச்சாகும். வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். இனிஷியலோடு பெயர் எழுதும் நம்மவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள்: பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியிருந்தால் சீட்டிலும் அப்படியே இருக்கட்டும். முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும். அரசுத் தளத்தில் வாங்குங்கள். இடைத்தரகர்கள் இதே சீட்டைக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள்.

ஃபோரமும் பாலட்டைனும் ஒரே வளாகம். ஒரு தடவைதான் உள்ளே விடுவார்கள். நடுவில் சாப்பிட வெளியே வந்தால் அவ்வளவுதான். சான் கிரிகோரியோ தெரு வாசலில் நுழைந்து, குன்றை முதலில் முடித்துவிட்டு ஃபோரத்துக்கு இறங்கினால் முழங்கால் பிழைக்கும்.

பெரிய குறை, விளக்கப் பலகைகள் போதாது. எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் போனால் உடைந்த தூண்கள்தான் மிஞ்சும். சீசரின் உடலை எரித்த இடத்தில் கி.மு. 29-இல் எழுந்த கோயில் இன்று கூரைத் தகட்டின் கீழே ஒரு மண்மேடு. யாராவது பூ வைத்திருப்பதுதான் அடையாளம். பேரரசர் அந்தோனினஸ், அவர் மனைவி ஃபாஸ்டினா பெயரிலுள்ள கோயிலில் வாசற்கதவு படிக்கட்டுக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். ஃபோரம் மண் மூடிக் கிடந்த காலத்தில் தரைமட்டம் அதுதான். பேரரசர் மக்சென்டியஸின் மண்டபத்துக்கு அடியில் இருப்பது, அவருக்கு முந்தைய பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு. சேரர் துறைமுகமான முசிறியில் கப்பலேறிய மிளகு வந்து குவிந்த ஊர் இது.

ஒன்றே ஒன்று பார்க்க நேரமிருந்தால், கி.பி. 203-இல் எழுந்த பேரரசர் செப்டிமியஸ் செவரஸின் வெற்றி வளைவு. கல்வெட்டின் நான்காம் வரியில் அவருடைய இளைய மகன் கெட்டாவின் பெயர் இருந்தது. 211-இல் அண்ணன் கரகல்லா அவனைக் கொல்வித்து, பெயரையும் பெயர்த்தெடுத்து, அந்த இடத்தில் புகழ்மொழியை நிரப்பினான். பழைய வெண்கல எழுத்துகளைப் பொருத்திய துளைகள் இன்னும் தெரியும். கல்வெட்டு இருபக்கமும் உண்டு. கம்பிடோலியோ குன்றில் நகரமன்றக் கட்டடத்தை ஒட்டிய பாதையில் நின்றால், சீட்டே இல்லாமல், ஒரு பைனாகுலரில் அந்த வரியைப் பார்த்துவிடலாம்.