ஊரில் பர்ஸ் திருடு போனால் "தவறவிட்டேன்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள்

"தவறவிட்டுட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க சார், உடனே ரசீது போட்டுத் தந்துடுறோம்."

அமெரிக்காவிலிருந்து விடுமுறையில் வந்தவர் பேருந்து நெரிசலில் பர்ஸைப் பறிகொடுத்துவிட்டு காவல் நிலையப் படியேறினால், ரைட்டர் மேசையிலிருந்து வரும் முதல் யோசனை இன்றைக்கும் இதுதான். சொல்பவர் தன்மையாகத்தான் சொல்கிறார். பேனாவும் பேப்பரும் அவரே தருகிறார், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கிறார். அந்தப் பரிவு டல்லஸிலோ நியூஜெர்சியிலோ கிடைக்காது. அங்கே பல நகரங்களில் இணையப் படிவத்தில் "திருட்டு" என்று நாமே நிரப்பி அனுப்பினால் வழக்கு எண் வந்துவிடும், எந்த முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அந்த முகமில்லாத படிவம் "திருடு போனது" என்பதைத் "தொலைந்தது" என்று மாற்றச் சொல்வதில்லை.

தவறவிட்டேன் என்று எழுதிவிட்டால் அங்கே குற்றமே நடக்கவில்லை என்றாகிவிடும். கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனு வந்து சேர்ந்தது என்பதற்கான சீட்டு மட்டும். பயணக் காப்பீட்டுக்காரர் கேட்பது திருட்டுக்கான போலீஸ் அறிக்கை, அதுவும் பல பாலிசிகளில் 24 மணி நேரத்துக்குள் கொடுத்த புகார். பிற்பாடு யாராவது உங்கள் பான் எண்ணில் கடன் வாங்கினால், அந்தத் தேதியிலிருந்து கார்டு உங்களிடம் இல்லை, திருடனிடம் இருந்தது என்று காட்ட அந்தத் திருட்டு அறிக்கைதான் கையில் இருக்க வேண்டும்.

அதனால் புகாரில் தேதி, மணி, இடம், எந்தப் பையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை எழுதி, "திருடப்பட்டது" என்ற சொல்லை விடாமல் போடுங்கள். கார்டுகளின் கடைசி நான்கு இலக்கம் போதும். முழு எண்ணை எழுதினால் அந்த மனு எத்தனை ஜெராக்ஸ் ஆகும், எங்கெங்கே போகும் என்பது நம் கையில் இல்லை.

இன்னொரு இடத்திலும் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டத்தில், திருடு போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றம் அது. "மூவாயிரம் ரூபாய் கேஷ்" என்று மட்டும் எழுதினால் எஃப்.ஐ.ஆர். நின்றுபோகும். தோல் பர்ஸின் விலை, உள்ளேயிருந்த டாலர் நோட்டுகள், மோதிரம் என்று இருந்ததையெல்லாம் உண்மையான மதிப்போடு சேர்த்து எழுதுங்கள். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினால் அது வழிப்பறி வகை, தனிப் பிரிவு. அதற்கு இந்த வரம்பு கிடையாது.

எல்லை எங்களுடையதில்லை என்று திருப்பி அனுப்புவதும் இப்போது செல்லாது. எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியலாம், நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்ட எஸ்.பி.க்கு அனுப்புங்கள், அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது.

உண்மையாகவே தொலைந்திருந்தால் கதை வேறு. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை என்ற சேவை இருக்கிறது. பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. புத்தகம், கல்விச் சான்றிதழ், அடையாள அட்டை எதுவானாலும் விவரத்தை நிரப்பினால் அறிக்கை கையில் வந்துவிடும். ஒரு சி.எஸ்.ஆர். ரசீதுக்காக மூன்று நாள் நடந்த காலத்தை நினைத்துப் பார்த்தால் மனம் நெகிழ்கிறது. திருட்டுக்கு மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள். மறுபடியும் அதே "தொலைந்தது" வந்து நிற்கும்.

காவல் நிலையத்துக்குப் போகும் ஆட்டோவிலேயே கார்டுகளை முடக்கிவிட வேண்டும். இங்கே 5,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமல் கார்டைக் கடை மிஷினில் தட்டியே பணம் செலுத்தலாம், 2021 ஜனவரி முதல் அப்படித்தான். வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. கணக்கின் டெபிட் கார்டில் இந்தத் தட்டும் வசதியைச் செயலியில் அணைத்து வைக்கலாம், பயணத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். அமெரிக்க கார்டை அந்த வங்கியின் செயலியில் பூட்டலாம். ஆனால் உள்ளே நுழையும் ஓ.டி.பி. அணைத்துப் போட்ட அமெரிக்க சிம்முக்குத்தான் போகும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அங்கத்திய 1800 எண்களும் இங்கிருந்து சரியாகக் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து கூப்பிடும் எண் கார்டின் பின்புறம் இருக்கும், கார்டோ பர்ஸோடு போய்விட்டது. ஆகையால் அந்த எண்ணைத் தனியாக எழுதி அம்மாவின் பீரோவில் வையுங்கள்.

காலக்கெடுவில் இந்தியா ஒன்றும் மோசமில்லை. ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, வங்கி மீதும் உங்கள் மீதும் தவறில்லாத மோசடியை, வங்கித் தகவல் வந்த 3 வேலைநாளுக்குள் சொன்னால் இழப்பு உங்கள் தலையில் விழாது. அமெரிக்க டெபிட் கார்டுக்கு 2 வேலைநாளுக்குள் சொன்னாலும் 50 டாலர் வரை நம் பொறுப்பு, தாமதித்தால் 500 வரையும், ரொம்பத் தாமதித்தால் அதற்கு மேலும் போகலாம். கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ உடனே கூப்பிடுங்கள், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்தப் பார்ப்பார்கள்.

ஆதார் இருந்தால் கைரேகைப் பூட்டைப் போட்டே வையுங்கள். ஆதார் எண்ணும் கைரேகையும் போதும், ஓ.டி.பி. கேட்காமலே சின்ன மிஷினில் பணம் எடுக்கும் முறை கிராமங்களில் ஓடுகிறது. பத்திர நகல்களிலிருந்து கைரேகையை அச்செடுத்துப் பணம் உருவிய வழக்குகள் பிற மாநிலங்களில் வந்திருக்கின்றன. நாமோ ஊருக்கு வந்தாலே ஒரு பத்திரப் பதிவு வைத்திருப்போம். ஆதார் ஆணையத்தின் செயலியில் பூட்டி, பதிவு அன்றைக்கு மட்டும் திறந்தால் போதும். லாட்ஜில் ஜெராக்ஸ் கேட்டால், முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரைக் கொடுங்கள்.

அமெரிக்காவில் மூன்று நிறுவனங்களிடம் கடன் அறிக்கையை இலவசமாக உறையவைத்துவிட்டு, நம் பெயரில் வேறு யாரும் புதுக் கடன் வாங்க முடியாது என்று நிம்மதியாகத் தூங்கலாம். இங்கே சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் அப்படி ஒரு பூட்டு இல்லாதது பெரிய குறை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் ஆண்டுக்கொரு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி எடுத்தால் ஆண்டு முழுக்க ஒரு கண் இருக்கும்.

பர்ஸில் கிரீன் கார்டும் போயிருந்தால் விமானமே ஏற விடமாட்டார்கள். ஐ-131ஏ படிவத்துக்கு இணையத்தில் கட்டணம் கட்டி, அமெரிக்கத் தூதரகத்தில் போர்டிங் ஃபாயில் என்ற விமானம் ஏறும் அனுமதியை வாங்க வேண்டும். திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு அந்த வேலையைத் தொடங்குங்கள்.