கேஜ் முள்ளைப் படிக்கக் கற்றுக்கொடுத்த ஆப்: டான்ஃபாஸ் ரெஃப் டூல்ஸ்

திருச்சியில் பதினெட்டு வருஷமாக ஏசி வேலை பார்க்கிறேன். தொழில் பழகின காலத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம்தான்: ஆர்-22 கேஸ் என்றால் சக்‌ஷனில் (கம்ப்ரஸருக்குக் கேஸ் திரும்பி வரும் பைப்பில்) 65லிருந்து 70 பி.எஸ்.ஐ. அழுத்தம் நிற்க வேண்டும், முள் அதற்குக் கீழே போனால் கேஸ் கம்மி. பிறகு ஆர்-410ஏ வந்தது, ஆர்-32 வந்தது. எண் மட்டும் 120, 130 என்று மாறியது. ஏன் அந்த எண் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்று வருஷமாக போனில் வைத்திருக்கும் டான்ஃபாஸ் கம்பெனியின் இந்த ஆப்தான் அதைப் புரியவைத்தது. காசு கிடையாது. உள்ளே பல கருவிகள் இருக்கின்றன. சோலினாய்டு வால்வின் (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு) காயில் வேலை செய்கிறதா என்று போனின் காந்த சென்சாரை வைத்தே பார்க்கும் கருவிகூட உண்டு. வீட்டு ஏசிக்கு எனக்கு அது தேவைப்பட்டதில்லை. நான் தினமும் திறப்பது ரெஃப்ரிஜரன்ட் ஸ்லைடர் ஒன்றைத்தான். கேஸைத் தேர்ந்தெடுத்து விரலால் நகர்த்தினால் ஒரு பக்கம் பிரஷர், மறுபக்கம் அந்தப் பிரஷரில் அந்த கேஸ் கொதிக்கிற வெப்பநிலை. திரவமும் ஆவியும் ஒன்றாக இருக்கிற வரைக்கும் இந்த இரண்டுக்கும் உள்ள உறவு மாறவே மாறாது. ஆர்-22ல் 70 பி.எஸ்.ஐ., ஆர்-32ல் 123 பி.எஸ்.ஐ., இரண்டுமே இன்டோரில் இருக்கும் கூலிங் காயிலுக்குள் அதே 5 டிகிரிதான். நான் மனப்பாடம் செய்திருந்த எண்களெல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

போன மே மாதம் தில்லைநகரில் ஒரு வீடு. ஒன்றரை டன், ஆர்-32, இன்வெர்ட்டர் இல்லாத பழைய மாடல். “ரெண்டு வருஷமா சம்மர் வந்தா கேஸ் போட்டுட்டுத்தான் இருக்கோம் தம்பி, ஒரு மாசம்கூட நிக்கல” என்றார் அந்த அம்மா. கேஜ் மாட்டினால் 85 பி.எஸ்.ஐ. கூட வந்த பையன் உடனே, “அண்ணே, கேஸ் கம்மி. கீழ போய் சிலிண்டர எடுத்துட்டு வரவா?” என்றான். பழைய கணக்குப்படி அவன் சொன்னது சரிதான்.

ஸ்லைடரை 85ல் வைத்தேன். மைனஸ் 5 டிகிரி. அடுத்து, அவுட்டோரில் சர்வீஸ் வால்வு பக்கத்தில் பெரிய பைப்பில் தெர்மாமீட்டர் கிளாம்பை மாட்டி, மேலே இன்சுலேஷன் சுற்றிவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தேன். மைனஸ் 2. வித்தியாசம் வெறும் 3 டிகிரி. நாங்கள் சூப்பர்ஹீட் என்று சொல்வது இதைத்தான். கேஸ் நிஜமாகவே குறைந்திருந்தால் காயிலின் முதல் பகுதியிலேயே திரவம் முழுக்கக் கொதித்து முடிந்து, மீதி தூரம் வெறும் ஆவி சூடாகிக்கொண்டே வந்திருக்கும். பைப்பில் 10, 15 டிகிரி காட்டியிருக்கும். இங்கே திரவம் கிட்டத்தட்ட காயிலின் கடைசி வரைக்கும் கொதித்து முடியாமலே வருகிறது. அப்படியென்றால் காயிலுக்குச் சூடு போய்ச் சேரவில்லை, காற்று ஓடவில்லை.

இன்டோரைக் கழற்றிப் பார்த்தால் புளோயர் சக்கரத்தின் ஒவ்வொரு இதழிலும் தூசியும் தாளிப்பு எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து களிமண் மாதிரி அப்பியிருந்தது. ஃபில்டர் மட்டும் பளிச்சென்று இருந்தது, அதனால்தான் யாரும் உள்ளே பார்க்கவில்லை. சக்கரத்தைக் கழுவி மாட்டி ஓடவிட்டோம். 137 பி.எஸ்.ஐ., அதாவது 8 டிகிரி, பைப்பில் 14. ஒரு கிராம் கேஸ்கூட ஏற்றவில்லை. சர்வீஸ் சார்ஜ் மட்டும் வாங்கிக்கொண்டேன். முன்பு நானே எத்தனை வீட்டில் இந்த இடத்தில் கேஸ் ஏற்றிவிட்டு வந்திருப்பேன் என்று நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

சிலிண்டர் வாங்கும்போதும் இது உதவுகிறது. ஒரு கடையில் ஆர்-22 மலிவாகக் கிடைத்தது. ராத்திரி முழுக்க நிழலில் வைத்துவிட்டுக் காலையில் கேஜ் மாட்டினேன். ஷெட்டுக்குள் 30 டிகிரி. உள்ளே திரவம் இருந்தால் சிலிண்டர் நிறைய இருந்தாலும் பாதி இருந்தாலும் 158 பி.எஸ்.ஐ.தான் காட்ட வேண்டும். 190ஐத் தாண்டி நின்றது. காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். இதை ஏற்றியிருந்தால் முதலில் அடிவாங்குவது கம்ப்ரஸர்.

செட்டிங்கில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். பிரஷரை கேஜ் அளவில் (வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்தது) வைத்திருக்கிறோமா, அப்சல்யூட் அளவிலா (அதையும் சேர்த்தது) என்று பாருங்கள். நான் ஒருமுறை அப்சல்யூட்டில் விட்டுவிட்டேன். வித்தியாசம் 14.7 பி.எஸ்.ஐ.; ஆர்-32ல் அதே 85க்கு மைனஸ் 5 வர வேண்டிய இடத்தில் மைனஸ் 10 காட்டும். கணக்கே கவிழ்ந்துவிடும். அடுத்தது, ஆர்-407சி போன்ற கலப்பு கேஸ். கொதிக்கத் தொடங்கும் வெப்பநிலைக்கும் முடியும் வெப்பநிலைக்கும் நடுவே சுமார் 6 டிகிரி இடைவெளி இருக்கிறது. சூப்பர்ஹீட் பார்க்க, கொதித்து முடியும் வெப்பநிலையான டியூ பாயின்ட்டைத்தான் எடுக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் ஏசியில் மட்டும் ஸ்லைடரை நம்பி அவசரப்படாதீர்கள். கம்ப்ரஸர் வேகம் மாற மாற முள்ளும் ஆடும். டெஸ்ட் மோடில் முழு வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் கேஸை முழுக்க ரெக்கவர் செய்துவிட்டு, பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் கிராம் கணக்குக்குத் தராசில் வைத்து ஏற்றுவதுதான் சரி.

ஆப் இலவசம் என்பதால் மிச்சமாகும் காசில் நல்ல பைப் கிளாம்ப் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். அது இல்லாமல் இந்த ஸ்லைடர் பாதிக் கணக்குதான் சொல்லும். வாங்கியதும் ஒரு டம்ளரில் ஐஸைத் தட்டிப் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். சென்சார் முனையைத் தண்ணீர் படாமல் பாலிதீன் கவரில் போட்டு உள்ளே வைத்து, 0 காட்டுகிறதா என்று பாருங்கள். என் பழையது 3 டிகிரி கூட்டிக் காட்டியது. தில்லைநகர் வீட்டுக்கு அதை எடுத்துப் போயிருந்தால் சூப்பர்ஹீட் 6 என்று, சக்கரத்தைக் கழுவின பிறகு வந்த அதே அளவாக வந்து, புளோயரைக் கழற்றிப் பார்க்க எனக்குத் தோன்றியிருக்காது.