அலாஸ்கா கப்பல் பயணத்தில் நாங்கள் விட்டவையும் விடாதவையும்

சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நானும் என் மனைவியும் செங்கோட்டையிலிருந்து புறப்பட்டு, சியாட்டிலில் வேலை பார்க்கும் மகன் வீட்டில் சில நாட்கள் தங்கியபின், அங்கிருந்து அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையோரமாகச் சென்று திரும்பும் ஏழு இரவுக் கப்பல் பயணம் ஒன்றை மேற்கொண்டோம். ஜூனோ, ஸ்காக்வே, கிளேசியர் பே எனப்படும் பனியாற்று விரிகுடா, கெச்சிக்கன், விக்டோரியா என்பது கப்பல் சென்ற வரிசை. கப்பலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அறை வசதியாக இருந்தது. சைவ உணவு வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவைத்ததால் பருப்பும் சோறும் ஒரு வேளையேனும் கிடைத்தன. நான் எழுத விரும்புவது, ஒவ்வொரு துறைமுகத்திலும் கப்பல்காரர்கள் விற்கும் கரைச் சுற்றுலாக்களைப் பற்றி. பணமும் நேரமும் வீணாவதும், பயணம் நிறைவாக அமைவதும் பெரும்பாலும் அந்தத் தேர்வைப் பொறுத்தே இருக்கின்றன.

முன்பதிவு செய்த வாரமே சுற்றுலாப் பட்டியல் வந்துவிட்டது. ஜூனோ என்ற ஒரே ஊருக்கு முப்பதுக்கும் மேற்பட்ட சுற்றுலாக்கள் இருந்தன. எனக்குப் பிடித்தவற்றையெல்லாம் குறித்து, இருவருக்கும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தபோது, அந்தத் தொகை கப்பல் கட்டணத்தையே நெருங்கியது. தவிர, துறைமுகத்தில் கப்பல் நிற்கும் ஆறேழு மணி நேரத்துக்குள் இரண்டு சுற்றுலாக்களைத் திணித்தால் இரண்டையுமே அரைகுறையாகத்தான் பார்க்க முடியும். மனைவிக்கு மூட்டுவலி வேறு இருந்தது. ஆகவே நான் ஒரு விதி வகுத்துக்கொண்டேன். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், தமிழ்நாடும் கேரளமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். மழை, அருவி, அடர்ந்த காடு, மலையிலிருந்து கீழே பார்க்கும் காட்சி ஆகியவை வீட்டு வாசலிலேயே எங்களுக்குக் கிடைக்கின்றன. ஆகவே எங்கள் ஊரில் இல்லாததற்கு மட்டுமே காசு கொடுப்பது என்று முடிவு செய்தேன். இந்த விதி ஓர் இடத்தைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் சரியாகவே உதவியது.

ஜூனோ அலாஸ்காவின் தலைநகரம். ஆனால் வெளியூரிலிருந்து அங்கே வந்து சேர சாலை கிடையாது. கப்பலிலோ விமானத்திலோதான் வர முடியும். இங்கே நாங்கள் தயங்காமல் காசு கொடுத்தது திமிங்கிலம் பார்க்கும் படகுக்கு. கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குளிர்காலத்தை ஹவாய்த் தீவுகளின் வெதுவெதுப்பான கடலில் ஏறத்தாழ உண்ணாமலே கழித்துவிட்டு, கோடையில் சிறுமீன்களை உண்பதற்காக இந்தக் குளிர்ந்த கடலுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி வருகின்றன. நாற்பது அடிக்கு மேல் நீளமுள்ள அந்த உடல் முதுகை வளைத்து, கடைசியாக வாலை உயர்த்தி நீருக்குள் இறங்குவதை நாங்கள் நான்கு முறை பார்த்தோம். வாலின் அடிப்புறத்தில் உள்ள வெள்ளையும் கறுப்புமான கோலம் ஒவ்வொரு திமிங்கிலத்துக்கும் வேறுபடும் என்பதால், வழிகாட்டிப் பெண் அவற்றை அடையாளம் சொல்லி அழைத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. படகு நூறு கஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்பது அங்குள்ள சட்டம். எங்கள் படகோட்டி அதை மதித்து, இயந்திரத்தை அடக்கிவிட்டுக் காத்திருந்தார். அந்த அமைதியில்தான் திமிங்கிலம் மூச்சு விடும் ஓசை எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. பயணத்தில் ஒன்றே ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதற்கே கொடுங்கள் என்பேன்.

அதே ஊரில் மெண்டன்ஹால் பனியாறு இருக்கிறது. நகரிலிருந்து இருபது கிலோமீட்டர் தொலைவுதான். திமிங்கிலத்தையும் பனியாற்றையும் ஒரே சீட்டில் காட்டும் கூட்டுச் சுற்றுலாவை எல்லோரும் வாங்குகிறார்கள். படகுத்துறை பனியாற்றுக்கு அருகிலேயே இருப்பதால் அது வசதியாகத் தோன்றும். ஆனால் அதில் பனியாற்றுக்கு ஒதுக்கப்படும் நேரம் முக்கால் மணிதான். பார்வையாளர் மையத்திலிருந்து நக்கெட் அருவியின் அடிவரை நடந்து திரும்ப சுமார் மூன்று கிலோமீட்டர் ஆகும். மூட்டுவலிக்காரர்கள் நின்று நின்று நடந்தால் ஒன்றரை மணி நேரம் வேண்டும். எனவே கூட்டுச் சீட்டை விட்டுவிட்டு, படகுக்குப் பிறகு துறைமுகத்திலிருந்து புறப்படும் பேருந்தில் நாங்களாகவே போனோம். ஆகஸ்டிலும் அங்கே இரவு எட்டரை வரை வெளிச்சம் இருப்பதால் அவசரப்பட வேண்டியிருக்கவில்லை. அந்த அருவி எங்கள் ஊர்ப் பக்கத்துப் பாலருவியைவிடச் சற்று உயரமானது. ஆனால் அருவி பார்த்து வளர்ந்த கண்களுக்கு அது வியப்பளிக்கவில்லை. பக்கத்தில் நின்ற நீலப் பனிச்சுவர்தான் எங்களைக் கட்டிப்போட்டது. பல காலம் ஒன்றின்மேல் ஒன்றாய் விழுந்த பனி தன் பாரத்தாலேயே இறுகிக் காற்றுக்குமிழ்கள் வெளியேறிவிடுவதால், ஒளியின் சிவப்பை அந்தப் பனிக்கட்டி உறிஞ்சிக்கொண்டு நீலத்தை மட்டும் திருப்பித் தருகிறது. பனியாறு ஆண்டுக்காண்டு பின்வாங்கிக்கொண்டிருக்கிறது என்பதையும் அந்த மையத்தில் உள்ள படங்கள் காட்டுகின்றன. பழைய படத்தில் பனி இருந்த இடத்தில் இப்போது ஏரி கிடப்பதைக் கண்டு என் மனைவி வெகுநேரம் பேசவில்லை. மையத்தின் அருகிலேயே ஓர் ஓடை ஓடுகிறது. அதில் ஏறி வரும் சால்மன் மீனுக்காகக் கறுப்புக் கரடிகள் வருவதுண்டு. மரப்பலகை நடைபாதையிலிருந்து ஒரு கரடியைத் தனிச் சீட்டு ஏதுமின்றி நாங்கள் பார்த்தோம்.

ஹெலிகாப்டரில் பனியாற்றின் மேல் இறங்கி, நாய் பூட்டிய வண்டியில் போகும் சுற்றுலாவை நாங்கள் விட்டோம். பட்டியலிலேயே விலை மிகுந்தது அதுதான். மேகம் இறங்கினால் அதை ரத்து செய்துவிடுவார்கள். எங்கள் சாப்பாட்டு மேசையில் உடன் அமர்ந்த சித்தூர்க் குடும்பத்துக்கு அப்படித்தான் நடந்தது. பணம் முழுவதும் திரும்பி வந்தது. ஆனால் காத்திருந்ததிலேயே பொழுது போய், வேறொன்றும் பார்க்க முடியாமல் அவர்கள் கப்பலுக்குத் திரும்பினார்கள். உடல்வலுவும் பணமும் இருப்பவர்கள் அதை முயலலாம். ஆனால் அதை நம்பி அந்த ஊரின் ஒரே நாளை ஒப்படைக்க வேண்டாம். துறைமுகத்திலிருந்தே மலைக்கு ஏறும் கம்பிவட ஊர்தியைப் பொறுத்தவரை, முன்பதிவு தேவையே இல்லை. அன்றைக்கு மலை தெரிந்தால் சீட்டு வாங்கலாம், தெரியாவிட்டால் விடலாம். எங்களுக்குத் தெரியவில்லை.

என் விதி தவறியது ஸ்காக்வேயில். அங்கே வொயிட் பாஸ் கணவாய்க்கு ஏறும் மலை ரயில் புகழ்பெற்றது. நான் அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புனலூருக்கு ரயிலில் போய் வந்தவர்களுக்கு மலை ரயில் என்ன புதிது என்பது என் எண்ணம். மகன்கூட, "அப்பா சொல்றது சரிதான், அந்தப் பணத்துக்கு வேற ஏதாச்சும் பாருங்க" என்றான். என் மனைவிதான் விடவில்லை. "ஏங்க, எதை வேணும்னாலும் விடுங்க, அந்த ரயிலை மட்டும் விட்டுராதீங்க" என்றாள். அவள் பிறந்த வீடு புனலூர்ப் பக்கம். மீட்டர் கேஜ் ரயிலின் சன்னலோரத்தில் அமர்ந்து பதின்மூன்று கண் பாலத்தைக் கடந்துதான் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். 1904-இல் ஓடத் தொடங்கிய அந்த வண்டி 2010-இல் அகலப்பாதைப் பணிக்காக நின்று, 2018-இல்தான் முழுவதுமாகத் திரும்பி வந்தது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் தாய்வீட்டுக்குப் பேருந்தில் போய் வந்ததை அவள் ஒரு குறையாகவே சொல்லிவந்தாள்.

ரயிலுக்குப் போனோம். தண்டவாளத்தின் அகலம் மூன்றே அடி, எங்கள் பழைய மீட்டர் கேஜைவிடவும் குறைவு. 1898-இல் தொடங்கி 1900-இல் முடித்த பாதை அது. கடல்மட்டத்திலிருந்து புறப்பட்டு, முப்பத்திரண்டு கிலோமீட்டருக்குள் 2,865 அடி உயரமுள்ள கணவாயைத் தொடுகிறது. கனடாவின் கிளாண்டைக் பகுதியில் தங்கம் கிடைத்த செய்தி கேட்டு 1897-98-இல் ஓடி வந்தவர்கள், ஒருவருக்கு ஏறத்தாழ ஒரு டன் உணவும் சாமானும் இருந்தாலொழியக் கனடா எல்லைக்குள் விடப்படவில்லை. அந்தச் சுமையைப் பலமுறை ஏறி இறங்கித் தூக்கியவர்களின் ஒற்றையடித் தடம் சன்னலிலிருந்து இன்னும் தெரிகிறது. அந்தக் கணவாயில் மூவாயிரம் பொதிக்குதிரைகள் இறந்ததாகச் சொல்கிறார்கள். 1901-இல் கட்டி 1969 வரை பயன்பட்ட இரும்புப் பாலம் ஒன்று, வண்டி போகாமல் பள்ளத்தின் மேல் தனியாக நிற்கிறது. அதைக் கடந்தபோது என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊரில் இருப்பதற்குக் காசு கொடுக்க வேண்டாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். ஊரில் இருப்பதை அறிந்தவர்களுக்கே அந்தப் பாதையில் எவ்வளவு உழைப்பு கிடக்கிறது என்பது கண்ணில் படும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மலைப் பகுதிகளிலிருந்து வருகிறவர்கள் இந்த ரயிலை விட வேண்டாம். மேலே போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள். கணவாய்வரை போய் இறங்காமல் திரும்பும் சீட்டே போதுமானது. கனடாவுக்குள் நெடுந்தூரம் போகும் சீட்டுக்குக் கடவுச்சீட்டுச் சோதனை உண்டு, நேரமும் அதிகம் பிடிக்கும்.

ஸ்காக்வேயில் தட்டில் மணலை அலசித் தங்கம் எடுக்கும் விளையாட்டையும், கோடையில் சக்கரம் வைத்த வண்டியை நாய்கள் இழுப்பதையும் தாராளமாக விடலாம். தேசிய வரலாற்றுப் பூங்கா ஊழியர்கள் கட்டணமில்லாமல் ஊரைச் சுற்றிக்காட்டுகிறார்கள். அது நன்றாகவே இருந்தது.

பனியாற்று விரிகுடாவில் கப்பல் எங்கும் நிற்பதில்லை, ஆகவே விற்பனைக்கும் ஒன்றும் இல்லை. பயணத்தின் மிகச் சிறந்த நாள் அதுவே. பூங்காக் காவலர்கள் படகில் வந்து கப்பலில் ஏறி விளக்கம் சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு உல்லாசக் கப்பல்களுக்குமேல் உள்ளே அனுமதி இல்லை. 1794-இல் ஆங்கிலேயக் கடலோடி வான்கூவரின் மாலுமிகள் இந்த வழியாக வந்தபோது விரிகுடா என்று சொல்லும்படி அங்கே இருந்தது ஒரு சிறு வளைவு மட்டுமே, மீதி முழுவதும் பனிச்சுவர். இன்று கப்பல் நூறு கிலோமீட்டர் உள்ளே போகிறது. நீர்மட்டத்துக்கு மேல் 250 அடி நின்ற மார்ஜரி பனியாற்றின் முன்னால் நாங்கள் ஒரு மணி நேரம் இருந்தோம். வீடளவு பனித்துண்டு பெயர்ந்து விழுவதைக் கண் பார்த்த பிறகுதான் இடிமுழக்கம் போன்ற சத்தம் காதுக்கு வருகிறது. அன்று கப்பலுக்குள் நடக்கும் விற்பனைக் கூட்டம், மசாஜ் சலுகை, சமையல் வகுப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சால்வையும் தொப்பியுமாக விடியற்காலையிலேயே மேல்தளத்துக்குப் போய்விடுங்கள்.

கெச்சிக்கனில் என் விதிக்கு முழு வேலை இருந்தது. ஆண்டுக்குச் சுமார் 150 அங்குல மழை பெய்யும் ஊர் அது. 1949-இல் 202 அங்குலம் பெய்ததைத் துறைமுகத்திலேயே பெரிய அளவுகோல் வரைந்து பெருமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். மழைக்காட்டு நடையும், மரத்துக்கு மரம் கம்பியில் தொங்கிப் போவதும் அங்கே முக்கியமான சுற்றுலாக்கள். சாரலில் நனைந்தே வளர்ந்த எங்களுக்கு இரண்டும் தேவைப்படவில்லை. மிதவை விமானத்தில் பனிமூட்டப் பள்ளத்தாக்குகளைச் சுற்றுவதையும் விலையும் வானிலையும் கருதி விட்டோம். மரம் வெட்டுவோர் போட்டிக் காட்சி, குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் பிடிக்கலாம்.

காணாமல் திரும்பக் கூடாதவை அங்கே குலமரத் தூண்கள். நகரிலிருந்து சற்றுத் தள்ளி, டோட்டம் பைட் என்ற பூங்காவில் பதினான்கு தூண்களும் ஒரு குலவீடும் கடலோரத்தில் இருக்கின்றன. ஊர்ப் பேருந்தே அங்கு போகிறது. அப்பகுதியின் பழங்குடிகளான கிளிங்கிட், ஹைடா மக்கள் செங்கேதாரு மரத்தில் செதுக்கிய தூண்கள் கைவிடப்பட்ட ஊர்களில் சாய்ந்து உளுத்துக் கிடந்தபோது, 1938-இல் அம்மக்களின் மூத்த கைவினைஞர்களைக் கொண்டே அவற்றைச் சீர்படுத்தவும் பிரதியெடுக்கவும் தொடங்கினார்கள். நம்மவர்கள் பலர் அவற்றைத் தெய்வச் சிலைகள் என்று எண்ணிக் கும்பிட்டுவிடுகிறார்கள். அவை வழிபாட்டுக்கு உரியவை அல்ல. நம் ஊர் நடுகல்லைப் போல, ஒரு குடும்பம் தன் நினைவையும் உரிமையையும் தன் கதையையும் காட்சியில் நிறுத்திவைத்த எழுத்துகள் அவை. மாலையில் நகரின் ஓடைக்கரையில் நின்றால், ஆகஸ்டில் சால்மன் கூட்டம் வேகநீரை எதிர்த்துத் தாவுவதைச் சும்மாவே பார்க்கலாம்.

முன்பதிவைப் பற்றி ஒரு சொல். கப்பல்காரரிடமே வாங்கிய சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், வெளியில் வாங்கியதற்குக் காத்திருக்காது. ஆகவே ஊரைவிட்டுத் தொலைவு போய், கப்பல் புறப்படும் நேரத்தை ஒட்டித் திரும்புபவற்றைக் கப்பலிலும், நடை தூரத்தில் உள்ளவற்றை வெளியிலும் வாங்கினோம். ரத்து செய்வதற்கான கடைசி நாளைப் பதிவு செய்யும்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ரயிலைச் சேர்க்கவும் வேறொன்றை நீக்கவும் எனக்கு அந்தக் குறிப்புத்தான் உதவியது.

கடைசித் துறைமுகமான விக்டோரியா கனடாவில் இருப்பதால், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கனடா விசாவை முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். அமெரிக்காவுக்குள் மறுபடி நுழைவதால் அமெரிக்க விசாவும் பலமுறை நுழைவுக்கானதாக இருக்க வேண்டும். இந்தச் சோதனை கப்பலில் ஏறும்போதே நடக்கிறது. கப்பல் அங்கே வந்து சேர்வது இரவு எட்டு மணிக்கு. சுண்ணாம்புக்கல் குவாரியில் உருவாக்கிய புட்சார்ட் பூந்தோட்டத்துக்கு அந்நேரத்தில் அழைத்துப் போகிறார்கள். பேருந்தில் போக முக்கால் மணி, வர முக்கால் மணி, பூவைப் பார்ப்பது விளக்கொளியில். அதை விட்டுவிட்டு, விளக்குகளால் விளிம்பு கட்டிய சட்டமன்றக் கட்டடத்தைப் பார்த்தபடி துறைமுகக் கரையில் மெதுவாக நடந்தோம். பதினோரு மணிக்குக் கப்பலுக்குத் திரும்பியபோதும் என் மனைவி ரயிலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.