லைசன்ஸ் கீ போட்டு வெக்க கீபாஸ்எக்ஸ்சி: கடக்காரன்ட ரிவியூ

மட்டக்களப்பு டவுன்ல கொம்பியூட்டர் திருத்துற கட வெச்சிரிக்கிறவன்ட கண்ணால பாத்து எழுதுறன். கீபாஸ்எக்ஸ்சி எண்டது பாஸ்வேர்ட், லைசன்ஸ் கீ (காசு குடுத்து வாங்கின சொப்ட்வெயார ஏத்தக் கேக்கிற நம்பர்) எல்லாத்தயும் பூட்டி வெக்கிற ஒரு சொப்ட்வெயார். வீட்டில ரெண்டு மூணு கீதான் இரிக்கெண்டா இதெல்லாம் தேவையில்ல.

ஒஃபிஸ் கீ, வைரஸ் கார்ட் கீ எல்லாம் கடக்காரன்தான் வெச்சிரிக்கணும் எண்டு எங்கட ஆக்களுக்கு ஒரு நினைப்பு. கல்லடியில இருந்து ஒரு ஐயா வருவார், "மனே, போன வருசம் நீதானே போட்டுத்தந்த, மறுகா அந்த நம்பரத் தாவன்" எண்டு கேப்பார். கொப்பியில எழுதி வெச்சா அது பீயா எட்டா எண்டு மண்ட காயும், 25 எழுத்தில ஒண்டு பிழைச்சாலும் ஏறாது, மெஷின்ல இருந்தே எடுப்பம் எண்டு பாத்தா இப்பத்த ஒஃபிஸ் கடைசி 5 எழுத்தத்தான் காட்டும். எக்செல்ல போட்டு வெச்சா கடையில நிக்கிற ஆரும் பென்ல ஏத்திட்டுப் போயிரலாம்.

கீபாஸ்எக்ஸ்சிக்கு காசில்ல, விண்டோஸ், லினக்ஸ், மெக் மூணுலயும் ஓடும். எல்லாம் ஒரே ஒரு பைல், ஏஇஎஸ் 256 எண்ட குறியாக்க முறையில பூட்டி இரிக்கும், இன்டர்நெட்டே வேணாம், வாகரைப் பக்கம் ஆர்டயும் வீட்ட வேலைக்குப் போய் சிக்னல் இல்லாட்டியும் லெப்டொப்ல திறந்து எடுக்கலாம்.

எனக்கு நல்லாப் பிடிச்சது அட்வான்ஸ்ட் எண்ட பகுதி. அதுல கீக்கு தனியா ஒரு இடம் போட்டு ப்ரொடெக்ட்ட டிக் பண்ணினா பக்கத்தில நிக்கிறவருக்கு எழுத்து தெரியாது, பில்ல படம் எடுத்து அங்கயே அட்டாச் பண்ணியும் விடலாம். முடியிற திகதியப் போட்டு வெச்சா காலாவதியானதெல்லாம் இடப்பக்கம் எக்ஸ்பயர்ட்ட அமத்தினோடன வரிசையா வரும், வைரஸ் கார்ட் புதுப்பிக்கச் சொல்லி கோல் எடுக்க எனக்கு இது போதும். கொப்பி பண்ணினதும் 10 செக்கன்ல கிளிப்போர்டில இருந்து அழிஞ்சிரும்.

குற இல்லாமலும் இல்ல. லைசன்ஸுக்கெண்டு தனி போர்ம் இல்ல, வன்பாஸ்வேர்ட் எண்ட இதே மாதிரி வேற சொப்ட்வெயார்ல இரிக்கு, ஆனா அதுக்கு டொலர்ல சந்தா கட்டணும். நான் ஒரு வெறும் என்ட்ரிய செஞ்சி வெச்சி அதையே குளோன் (நகல்) பண்ணிப் பண்ணிப் போடுறன். போனுக்கு இவங்கட அப் கிடையாது, அன்ட்ரொய்ட்ல கீபாஸ்டிஎக்ஸ் எண்ட வேற ஆக்கள்ட அப் அதே பைல திறக்கும். கடையில ரெண்டு பேர் ரெண்டு மெஷின்ல ஒரே நேரம் மாத்தினா பைல் ரெண்டாப் பிரியலாம், ரெண்டையும் ஒண்டாச் சேக்க மெர்ஜ் இரிக்கு, எண்டாலும் எரிச்சல்தான்.

பைலத் திறக்கிற மாஸ்டர் பாஸ்வேர்ட் மறந்தா ரிசெட் எண்ட கதையே இல்ல, கடதாசியில எழுதி வீட்டு அலுமாரியில வைங்க, கட மேசயில வேணாம். பைல்ட பெக்கப்பும் வேற ஹார்ட் டிஸ்க்ல இரிக்கட்டும்.